பழைய ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்குக் கோவையில் கிடைத்த பட்டறை

என்னிடம் இருப்பது 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ பெட்ரோல். மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால் இழுவை செத்துவிடும், வேறொரு இடத்தில் டர்போவே போய்விட்டது, மாற்றணும் என்றார்கள். இந்தக் கோவைப் பட்டறைக்காரர் முதலில் குழாய்களுக்குள் புகை விட்டுக் கசிவைத் தேடினார். வெடித்த வேக்குவம் ஹோஸும் டைவர்ட்டர் வால்வுக்குள் (டர்போவின் மிகை அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வு) கிழிந்துபோன டயாஃப்ரமும்தான் காரணம்! அதோடு விடாமல் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்பைக் கழற்றி, ஆயிலை உறிஞ்சும் இடத்தில் கசடு அடைத்த பிக்கப் வலையையும் காட்டினார். இந்த எஞ்சினில் அதைக் கவனிக்காவிட்டால் டர்போ பேரிங்குக்கு ஆயில் சரியாகப் போகாது. பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, ஏற்றித் தரக் கேட்டேன். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் முதலில், அப்புறம்தான் ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) என்றார். நேர்மையான பேச்சு. பார்ட்ஸ் வர மூன்று வாரம் ஆனது, அது ஒன்றுதான் குறை.