அல்ட்ரா போட்டால் திக்கும் என் கேமிங் பிசி

நான் வைத்திருக்கும் அதே கேமிங் பிசி செட் இப்போது விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று காலடிப்பேட்டை நண்பர் கேட்டார். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீடியோ எடிட்டிங்கில் இதை அடிச்சுக்க முடியாது, பெரிய கேம்கூட சட்டென்று லோடு ஆகிவிடும், ராத்திரி பக்கத்தில் ஆள் தூங்கினாலும் ஃபேன் சத்தம் தொந்தரவு செய்யாது. ஆனால் நான் ஒன்றரை லட்சம் கொடுத்தது கேம் ஆட. 1440 ரெசல்யூஷனில் எல்லாவற்றையும் அல்ட்ராவில், அதாவது உச்சத் தரத்தில் வைத்து, ஒளியையும் நிழலையும் நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங்கையும் போட்டால் ஓரத்தில் எஃப்.பி.எஸ் (நொடிக்கு எத்தனை படம்) 60 என்றுதான் காட்டும், குறை சொல்லவே முடியாது, ஆனால் கேமில் வண்டியை வேகமாக ஓட்டி ஒரு தெருமுனை திரும்பினால் படம் அரை நொடி அப்படியே நின்றுவிடும். எதிர்ச் சுவர் மழையில் ஊறிய போஸ்டர் மாதிரி மங்கிக் கிடந்து, நாம் அதைத் தாண்டுகிற நேரத்தில்தான் தெளிவாகும். எனக்கு எரிச்சலே இந்த திக்கல்தான்.

காரணம் ப்ராசஸர் இல்லை, அது பாதி நேரம் சும்மாதான் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டில் இருப்பது 8 ஜிபி வீடியோ மெமரி, அதாவது படம் வரையத் தேவையானதை வைத்துக்கொள்ளும் இடம். அல்ட்ரா டெக்ஸ்சரும் (சுவர், தரை மேல் ஒட்டும் படங்கள்) ரே டிரேசிங்கும் சேர்ந்தால் அது நிரம்பி, மிச்சம் சாதாரண ரேமுக்குப் போகிறது. இந்த வகைக் கார்டின் சொந்த மெமரி நொடிக்கு 250 ஜிபிக்கு மேல் தரும், ஆனால் ரேமிலிருந்து, கார்டை போர்டோடு இணைக்கும் எட்டு லேன் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 பாதை வழியாக வருவது சுமார் 16 ஜிபிதான். 60 எஃப்.பி.எஸ் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.6 மில்லி செகண்ட், அதற்குள் எங்கிருந்து வந்து சேரும்? இடையிடையே தானே படம் உருவாக்கிச் சேர்க்கும் ஃபிரேம் ஜெனரேஷனைப் போடு என்கிறார்கள், அதுவும் தன் பங்குக்கு வீடியோ மெமரி கேட்கும். 4கே பற்றிப் பேசவே வேண்டாம். 1080-ல் 20.7 லட்சம் பிக்சல், 4கே-யில் 82.9 லட்சம். சைபர்பங்க் 2077 கேமில் 2023-இல் வந்த, ரே டிரேசிங்கிலேயே இன்னும் கனமான பாத் டிரேசிங்கெல்லாம் இதைவிடப் பெரிய கார்டுகளையே மூச்சு வாங்க வைக்கும்.

அப்புறம் நம்ம ஊர். திருவொற்றியூரில் கடற்காற்றோடு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை கன்டெய்னர் லாரிப் புழுதியும் வீட்டுக்குள் வருகிறது. முன்பக்க ஃபில்டரைக் கழற்றினால் கறுப்பாக, பிசுபிசுப்பாக, விரலில் ஒட்டும். கேபினெட் பின்பக்க ஸ்க்ரூவின் தலையெல்லாம் துருப்பிடித்துவிட்டது. ஏசி இல்லாத அறையில் மே மாத மதியம் கார்டு 83 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஃபில்டரைத் தட்டிப் போட்டால் அந்தச் சூடு குறைகிறது, திக்கல் குறையவில்லை. டெக்ஸ்சரை மட்டும் அல்ட்ராவிலிருந்து ஒரு படி கீழே ஹைக்கு இறக்கியபோதுதான் அது போனது, படத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை. அதற்கு இவ்வளவு விலை எதற்கு என்பதுதான் என் கோபம்.

செட் போட்டுக் கொடுத்தவர்கள் கண்ணாடி கேபினெட்டிலும் லைட் எரியும் ஃபேனிலும் லிக்விட் கூலரிலும் கொட்டிய பணத்தைக் கார்டில் போட்டிருக்கலாம். ப்ராசஸர் ஒரு படி கீழே இருக்கட்டும், சாதாரண ஏர் கூலர் போதும், 16 ஜிபி வீடியோ மெமரி உள்ள கார்டாகக் கேளுங்கள். நான் இதை விற்கப்போவதில்லை, எடிட்டிங்குக்கு இது வேண்டும். ஆனால் நீங்கள் வாங்காதீர்கள், இன்னும் பத்தாயிரம் இறங்கினாலும் வேண்டாம்.