கோத், எமோ: ஒரே கறுப்புச் சட்டை, வேறு வேறு வீடு

கறுப்பு உடை, கண்மை, முகத்தில் சோகம். கோத், எமோ என்ற இரண்டு ராக் இசை வகைகளும் அவற்றின் ரசிகர் கூட்டமும் பார்த்ததும் ஒன்றென்றுதான் தோன்றும். காது கொடுத்துக் கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டுக்கும் பங்க் என்ற முரட்டு ராக் இசைதான் தாய். பிறந்த ஊர்தான் வேறு. கோத் இங்கிலாந்துப் பிள்ளை. பௌஹவுஸ் குழு 1979இல் வெளியிட்ட ‘பேலா லுகோசிஸ் டெட்’ பாட்டு ஒன்பது நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. முதலில் டிக்டிக்கென்று தாளம், பிறகு படியிறங்கி வரும் பேஸ் கிட்டார், எதிரொலியில் கரையும் கீறல் ஒலிகள். பாடகர் வாய் திறக்கவே இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகிவிடுகிறது. டிராகுலாவாக நடித்த நடிகர் பேலா லுகோசிக்கு ஒரு இரங்கற்பா! லண்டனில் 1982இல் தொடங்கிய பேட்கேவ் கிளப், இந்த ரசனைக்கு ஒப்பனையும் உடையும் தந்தது.

எமோ 1980களின் நடுவில் வாஷிங்டன் நகரின் ஹார்ட்கோர் பங்க் (பங்கைவிட வேகமும் ஆவேசமும் கூடிய இசை) கூட்டத்தில் முளைத்தது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவினர் தொண்டை கிழியப் பாடியது சொந்த மனக்காயங்களை. எமோ என்ற பெயரை அவர்கள் ஏற்கவே இல்லை. நெற்றியை மறைக்கும் முடியும் இறுக்கமான ஜீன்ஸும் ஊரறிந்த அடையாளமானது 2000களில்தான்.

கோத்துக்கு மரணம் ஒரு நாடக மேடை. எமோ தன் நாட்குறிப்பை உரக்கப் படிக்கிறது. இரவில் தனியாகக் கேட்க எனக்குப் பௌஹவுஸ் போதும். எமோவின் கதறலை இரண்டு பாட்டுக்கு மேல் என்னால் தாங்க முடிவதில்லை.