ஷார்ட்டர் ஆக்ஸ்போர்டு அகராதி: ஒரு வினைச்சொல்லை வைத்து ஒரு மதிப்புரை

இரண்டு தொகுதிகளாக 2007-இல் வெளிவந்த ஷார்ட்டர் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆறாம் பதிப்பை வாங்கலாமா என்று, கும்பகோணத்தில் முதுகலை ஆங்கிலம் படிக்கும் மாணவர்கள் கேட்பதுண்டு. ஒரு வினைச்சொல்லை அதில் தேடிப் பார்ப்பதே அதற்கு நல்ல சோதனை.

'ஸ்டார்வ்' என்றால் பட்டினி கிடத்தல் என்றே நாம் படித்திருக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சாதல் என்பதே பொருள். அதற்கு உறவான ஜெர்மன் 'ஸ்டெர்பன்' இன்றும் அப்பொருளிலேயே வழங்குகிறது. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், கிறிஸ்து சிலுவையில் உயிர்விட்டதைக் கூற இவ்வினையையே ஆண்டிருக்கிறார். பின்னர் அது பசியாலோ குளிராலோ மடிதல் என்று குறுகி, பொது வழக்கில் பசியோடு மட்டும் நின்றுவிட, வட இங்கிலாந்துப் பேச்சில் குளிரில் வாடுதல் என்ற பொருள் நெடுங்காலம் தங்கியது.

இந்த வளர்ச்சியை அகராதி கால வரிசையிலேயே அடுக்குகிறது. ஒரு பொருள் எந்த நூற்றாண்டில், அதிலும் முற்பகுதியிலா, இடையிலா, பிற்பகுதியிலா தோன்றியது என்பதைச் சிறு குறிகளால் தெரிவித்து, வழக்கொழிந்தவற்றுக்குக் கத்தி வடிவக் குறியும் இடுகிறது. கும்பகோணத்தில் பிறந்த அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1965-இல் வெளியிட்ட ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியம் மொழிபெயர்ப்பாளருக்கு இன்றும் கைகொடுப்பது. ஆயினும் எப்பொருள் முந்தியது என்ற கேள்விக்கு அதில் விடை தேட முடியாது, அது அந்நூலின் நோக்கமும் அன்று.

ஷார்ட்டர் அகராதியில் குறை ஒன்றுண்டு, அது சிறியதன்று. சொல்லாட்சிக்குக் காட்டும் மேற்கோள்களில் எழுதியவர் பெயர் இருக்கிறதே தவிர ஆண்டு இல்லை. ஆண்டு வேண்டுவோர் 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதிக்கோ அதன் இணையப் பதிப்புக்கோதான் செல்லவேண்டும். தாளும் மிக மெல்லியது. ஐப்பசி அடைமழையில் டெல்டாவின் ஈரக்காற்றுப் பட்டால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும்.

தேர்வுக்கு மட்டும் படிப்பவர் இவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை. மொழி வரலாறு கற்பிப்பவர் வாங்கலாம். கல்லூரி நூலகங்களோ கட்டாயம் வாங்கவேண்டும். வாங்கிய பின் கண்ணாடி பீரோவில் பூட்டிவிடாமல், மாணவர் கைக்கு எட்டும் மேசையில் வைக்கவேண்டும்.