ஸ்ட்ரிப்பா, மஷ்ரூமா, திரவமா, டியூபா? ஸ்கூட்டர் பஞ்சருக்கு எது சரி

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு டயரில் ஆணி ஏறுவது புதிதல்ல. ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் அதிகம். லாரிகளிலிருந்து உதிரும் ஸ்குரூ, இரும்புச் சீவல், மரப்பெட்டி ஆணி எல்லாம் மழைத்தண்ணீரோடு சாலையோரத்துக்கு ஒதுங்கிக் கிடக்கும். லாரிக்கு வழிவிட்டு நாம் ஒதுங்குவதும் அதே ஓரத்தில்தான். மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். ரப்பர் ஈரமாக இருந்தால் கூர்மையான பொருள் சுலபமாக உள்ளே இறங்கிவிடும்.

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள். நான் ஓட்டுவது டியூப்லெஸ் டயர் போட்ட 110 சிசி ஸ்கூட்டர். அப்பாவுடையது ஸ்போக் சக்கரமும் டியூப் டயரும் உள்ள டிவிஎஸ் எக்ஸ்எல். டியூப்லெஸ் டயரில் ஓட்டை விழுந்தால் கடைகளில் நான்கு வழி சொல்வார்கள்: வெளியிலிருந்து ஸ்ட்ரிப் சொருகுவது, டயரைக் கழற்றி உள்ளே மஷ்ரூம் வைப்பது, திரவம் ஊற்றுவது, பேசாமல் டியூப் போட்டுவிடுவது. நான்கையும் என் வண்டியில் செய்து பார்த்திருக்கிறேன். நான்காவது தவறு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மற்ற மூன்றுக்கும் அதனதன் இடம் இருக்கிறது.

முதலில், டயரில் ஆணியைப் பார்த்ததும் பிடுங்கக் கூடாது. டியூப்லெஸ் டயரின் உள்பக்கம் காற்றை விடாத ஒரு ரப்பர் படலம் இருக்கிறது. ஏறிய ஆணியை ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் காற்று மெதுவாகத்தான் போகும். பிடுங்கினால் நின்ற இடத்திலேயே டயர் படுத்துவிடும். ஆணியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரோ எச்சிலோ தடவிப் பாருங்கள். குமிழி வரவில்லை என்றால் அது உள்ளே வரை போகாமலும் இருக்கலாம். வந்தால் காற்றை நிரப்பிக்கொண்டு மெதுவாகக் கடை வரை போய்விடலாம். ஒருமுறை படப்பை தாண்டி, தெரியாமல் ஸ்குரூவைப் பிடுங்கிவிட்டு, கையில் எதுவும் இல்லாததால் அதே ஸ்குரூவை அதே ஓட்டையில் திருகி உள்ளே ஏற்றி, காற்று அடித்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் கடை வரை வந்திருக்கிறேன். வழியில் ஒருமுறை காற்று நிரப்ப வேண்டியிருந்தது. அவசரத்துக்கு இது நடக்கும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

சரி, ஸ்ட்ரிப்புக்கு வருவோம். ரப்பர் பூசிய பிசுபிசுப்பான கயிறு அது. ஆணியைப் பிடுங்கி, அரம் போன்ற முனையுள்ள கம்பியால் ஓட்டையைச் சுத்தம் செய்து, ஊசியில் கோத்த கயிற்றைப் பசை தடவி உள்ளே தள்ளி, ஊசியை மட்டும் சட்டென்று வெளியே இழுப்பார்கள். ஐந்து நிமிட வேலை. சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். எங்கள் பக்கம் ஒரு ஓட்டைக்கு நூறு ரூபாய் வாங்குகிறார்கள்.

ஸ்ட்ரிப் நிற்பதும் நிற்காததும் பெரும்பாலும் போடுகிறவர் கையில்தான் இருக்கிறது. நான் கவனிப்பது இரண்டு விஷயம். ஆணி சாய்வாக ஏறியிருந்தால் கம்பியும் அதே சாய்வில் போக வேண்டும். நேராகக் குத்தினால் டயருக்குள் இரண்டாவது பாதை உண்டாகி, கயிறு ஒன்றை அடைக்க, காற்று இன்னொன்றில் கசியும். மறுநாள் காலையில் டயர் இறங்கிக் கிடப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். அடுத்தது, கம்பியை எத்தனை முறை ஓட்டுகிறார் என்பது. சாதாரண ஸ்கூட்டர் டயர் நைலான் நூல் அடுக்குகளால் ஆனது. தேவைக்கு மேல் ராவினால் நூல் அறுந்து ஓட்டை பெரிதாகும், டயரின் பலமும் குறையும். நான்கைந்து முறை ஓட்டினாலே போதும். “அண்ணா, கொஞ்சம் பதமா” என்று நான் வாய்விட்டே சொல்லிவிடுவேன். நல்ல கைக்காரர் யாரும் அதற்குக் கோபித்ததில்லை. வெளியே நீட்டியிருக்கும் கயிற்றையும் ஒட்ட நறுக்கக் கூடாது. கொஞ்சம் விட்டு வெட்டினால் ஓட ஓட அதுவே தேய்ந்து அமர்ந்துவிடும்.

நன்றாகப் போட்ட ஸ்ட்ரிப், டயர் தேயும் வரைகூட நிற்கும். என் பின் டயரில் ஒன்று பதினாலு மாதம் தாங்கியது. ஆனால் இது ஓட்டையை அடைக்கிறதே தவிர, டயரின் உள்படலத்தை ஒட்டித் தருவதில்லை. ஓட்டை ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலும், இரண்டு ஓட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், வெட்டு நீளமாக இருந்தாலும் ஸ்ட்ரிப்பை நம்பாதீர்கள். டயரின் பக்கச்சுவரில் ஏறிய ஆணிக்கு ஸ்ட்ரிப், மஷ்ரூம் எதுவுமே வைத்தியம் இல்லை. அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது, ஒட்டு நிற்காது. அப்படி ஏறினால் டயர் மாற்றுவதுதான்.

அடுத்து மஷ்ரூம். பெயருக்கேற்ற உருவம்: குடை போன்ற ரப்பர் ஒட்டு, அதில் ஒரு தண்டு. டயரைக் கழற்றி உள்பக்கத்தை ராவி, பசை தடவிக் காயவிட்டு, உள்ளிருந்து தண்டை வெளியே இழுத்துக் குடையை அழுத்தி ஒட்டுவார்கள். தண்டு ஓட்டையை நிரப்புகிறது, குடை உள்படலத்தை மூடுகிறது. காற்றழுத்தமே குடையை டயரோடு அமுக்கிப் பிடித்திருக்கும். ஸ்ட்ரிப்பில் அழுத்தம் கயிற்றை வெளியே தள்ளப் பார்க்கிறது, மஷ்ரூமில் அதே அழுத்தம் ஒட்டுக்குத் துணை நிற்கிறது. நான் மஷ்ரூம் பக்கம் சாய்வதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு லாபமும் உண்டு. டயரைக் கழற்றினால்தான் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று தெரியும். காற்றில்லாமல் தெரியாமல் ஓட்டியிருந்தால் பக்கச்சுவரின் உள்ளே ரப்பர் உரிந்து கறுப்புப் பொடியாகக் கொட்டிக் கிடக்கும். அந்த டயரை ஒட்டுவது வீண். ரிம்மின் விளிம்பில் துரு ஏறியிருந்தாலும் அப்போதுதான் தெரியும். சென்னையின் உப்புக்காற்றில் இரும்பு ரிம் துருப்பிடித்து, ஆணியே இல்லாமல் வாரத்துக்கு நாலைந்து பிஎஸ்ஐ காற்றழுத்தம் இறங்குவது சாதாரணம். கம்பி பிரஷ் போட்டுத் துருவைத் தேய்த்துவிட்டால் தீரும் பிரச்சினை அது.

பிறகு ஏன் கடைகளில் மஷ்ரூம் என்றால் தயங்குகிறார்கள்? ஸ்கூட்டர்களில் பின் சக்கரத்தை எடுக்கப் பல வண்டிகளில் சைலன்சரைக் கழற்ற வேண்டும். பஞ்சர் வருவதோ அதிகம் பின் சக்கரத்தில்தான். படுத்துக் கிடக்கும் ஆணியை முன் சக்கரம் தட்டி நிமிர்த்திவிடும், பின் சக்கரம் அதன்மேல் ஏறும். வேலை முடிந்ததும் டயர் விளிம்பை ரிம்மில் உட்காரவைக்க நல்ல கம்ப்ரஸர் வேண்டும். ‘டப், டப்’ என்று இரண்டு சத்தம் கேட்டால்தான் இரண்டு பக்கமும் உட்கார்ந்தது என்று அர்த்தம். சாலையோரக் கடையில் மாலை ஆறு மணிக் கூட்டத்தில் இதைக் கேட்பது நியாயமில்லை. அங்கே ஸ்ட்ரிப் போட்டுக்கொண்டு வீடு வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் டயர் கடைக்குப் போய் மஷ்ரூம் வைத்துக்கொள்வது என் வழக்கம். கடைசியாக வைத்தபோது முந்நூறு ரூபாய் ஆனது. பாதிக்கு மேல் ஆயுள் மிச்சமிருக்கும் டயருக்கு அது தகும். தேய்மானக் குறிவரை (டயர் வரிகளுக்குள் இருக்கும் சிறு மேடு) வந்துவிட்ட டயருக்குச் செலவழிக்க வேண்டாம்.

திரவம் பற்றி நான் முன்பு கறாராகப் பேசுவேன், இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறேன். வால்வு பின்னைக் கழற்றி உள்ளே ஊற்றும் பிசுபிசுப்பான சீலன்ட் இது. பத்து அங்குல டயருக்கு ஏறக்குறைய 200 முதல் 300 மில்லி. சக்கரம் சுற்றும்போது உள்பக்கம் முழுவதும் பரவி நிற்கும். ஓட்டை விழுந்தால் காற்றோடு வெளியே வரப் பார்த்து, அதிலுள்ள நாரும் ரப்பர்த் துகளும் ஓட்டையில் சிக்கி அடைத்துக்கொள்ளும்.

என் மச்சான் கமுதிப் பக்கம் எக்ஸ்எல் ஓட்டுகிறார். அங்கே ஆணியைவிட சீமைக் கருவேல முள்தான் எதிரி. காட்டுப்பாதையில் ஒரு நடை போய்வந்தால் டயரில் நாலைந்து முள். ஒவ்வொன்றுக்கும் டியூபைப் பிரித்தால் பிழைப்பு ஓடாது. அவர் டியூபுக்குள் திரவம் ஊற்றிய பிறகு பஞ்சர் கடைக்குப் போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. சின்ன ஓட்டை, நிறைய ஓட்டை, பக்கத்தில் கடை இல்லை என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் திரவத்தை மிஞ்ச எதுவும் இல்லை. இரவு ஷிஃப்ட் முடித்துத் தனியாகத் திரும்புகிறவர்களுக்கும் நான் இதைச் சொல்வேன். இருட்டில் சாலையோரம் நிற்காமல் வீடு வந்து சேர்வது மற்றக் குறைகளைவிடப் பெரிது.

குறைகளும் இருக்கின்றன. ஆணி ஏறியதே நமக்குத் தெரியாது, அது உள்ளேயே இருந்து டயரை அறுத்துக்கொண்டிருக்கும். திரவம் காலப்போக்கில் காய்ந்து உருண்டு ஒரு பக்கம் சேர்ந்தால் வண்டி அதிரும். ஈர ஓட்டையில் ஸ்ட்ரிப் சரியாகப் பிடிக்காது. மஷ்ரூம் வைக்க உள்பக்கம் முழுவதையும் துடைத்துக் காயவைக்க வேண்டும், அந்த வேலையைக் கண்டாலே கடைக்காரர் தலையை ஆட்டிவிடுவார். எங்கள் ஒரகடம் சாலையின் பெரிய ஸ்குரூக்களுக்கு இது போதவும் இல்லை. அதனால் என் வண்டியில் இப்போது திரவம் கிடையாது.

இனி டியூப். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கடையில், “இந்த ஓட்டைக்கு ஸ்ட்ரிப் நிக்காது சார், டியூப் போட்டுடுறேன், கவலையே இல்லை” என்றார்கள். அவசரத்தில் சரி என்றேன். இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு சாயங்காலம் மனைவி பின்னால் உட்கார்ந்திருக்க, 50-ல் போய்க்கொண்டிருந்தபோது பின் டயர் வெடித்ததுபோலக் காற்று முழுவதும் ஒரே நொடியில் போனது. வண்டியின் பின்பக்கம் பாம்புபோல ஆடியது. பின்னால் லாரி. ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, ஹேண்டிலை நேராகப் பிடித்து, வலது பிரேக்கை மட்டும் லேசாகத் தொட்டு ஓரத்துக்கு வந்தோம். இடது பிரேக்கை நான் தொடவில்லை. 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாகிவிட்ட சிபிஎஸ் என்ற கூட்டு பிரேக் அமைப்பில், ஸ்கூட்டரின் இடது லிவர் முன், பின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும். காற்றில்லாத சக்கரத்தைப் பிடித்தால் விழுந்திருப்போம்.

கழற்றிப் பார்த்தபோது டியூப் நான்கு அங்குல நீளத்துக்குக் கிழிந்திருந்தது. டியூப்லெஸ் டயரின் உள்பக்கத்தில் மேடும் வரியும் இருக்கும். டியூபைத் தாங்குவதற்காக அதைச் செய்யவில்லை. ஓட ஓட டியூப் அதில் உரசும், சூடேறும். டியூப்லெஸ் ரிம்மின் வால்வு ஓட்டை பெரும்பாலும் டியூப் வால்வைவிடப் பெரிது, வால்வு அதில் ஆடி அடியில் அறுக்கும். எல்லாவற்றையும்விட, ஆணி ஏறினாலும் மெதுவாகக் காற்று இறங்கி நமக்கு நேரம் கொடுப்பதுதான் டியூப்லெஸ் டயரின் பாதுகாப்பு. டியூப் போட்ட அன்றே அதை இழந்துவிடுகிறோம். ரிம் நெளிந்து காற்று நிற்காத நிலையில், நடுவழியில், மெதுவாக வீடு வந்து சேரும் வரை என்றால் ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ரிம்மைச் சரிசெய்ய வேண்டும். ஸ்ட்ரிப்பும் மஷ்ரூமும் நிற்காத ஓட்டை என்றால் டயர் முடிந்தது என்று பொருள். டியூப் போட்டு அதை ஓட்டக் கூடாது.

அப்பாவின் எக்ஸ்எல் வேறு கதை. ஸ்போக் ஓட்டைகள் வழியாகக் காற்று போய்விடும் என்பதால் அந்தச் சக்கரத்துக்கு டியூப்தான். அங்கே கேள்வி, சூடு வைத்து ஒட்டுவதா, சொல்யூஷன் தடவிச் சும்மா ஒட்டுவதா என்பது மட்டும்தான். சூட்டில் ஒட்டியது டியூபோடு ஒன்றாகிவிடும், வெயிலில் பெயராது. கடையில் சூடு வசதி இருந்தால் அதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் சொல்யூஷன் நன்றாகக் காய்ந்து பிசுக்கென்று ஆன பிறகு ஒட்டச் சொல்லுங்கள். ஈரத்தோடு ஒட்டுவதால்தான் பாதி ஒட்டுகள் பெயர்கின்றன. எதுவானாலும் டியூபைத் திரும்ப மாட்டும் முன் ஒரு பழைய பருத்தித் துணியை டயரின் உள்ளே சுற்றி இழுத்துப் பாருங்கள். ஒடிந்து நிற்கும் முள்நுனியில் துணி மாட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் கண்ணாடித்துண்டு கிழித்துவிடும். மூன்று ஒட்டு விழுந்த டியூபை நாங்கள் மாற்றிவிடுகிறோம்.

என் சீட்டுக்கடியில் இப்போது இருப்பவை: ஆறு ஸ்ட்ரிப், அதற்கான கம்பியும் ஊசியும், சின்ன கட்டிங் பிளேயர், இரண்டு வால்வு பின், சார்ஜ் போடும் கையடக்கக் காற்றடிப்பான். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. காற்றடிப்பான் வந்த பிறகு பஞ்சரே குறைந்ததுபோல இருக்கிறது. வாரம் ஒருமுறை வீட்டிலேயே காற்று பார்க்க முடிவதால் கசிவை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறேன். என் வண்டிக்கு முன்னால் 22, பின்னால் 29, இரண்டு பேர் என்றால் பின்னால் 36 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்கான அளவு அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும்.

என் பின் டயரில் இப்போது ஒரு மஷ்ரூமும் ஒரு ஸ்ட்ரிப்பும் இருக்கின்றன. பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண் 3221. அதாவது 2021-இன் 32-ஆம் வாரத்தில் செய்தது. பட்டை வரிகளும் தேய்மானக் குறியைத் தொட்டுவிட்டன. ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடச் சொல்லி டயர் கடையில் முன்பணம் கொடுத்து வந்திருக்கிறேன்.