மலை ஆய்வு: அறிஞர் சங்கமா, அரசுகளின் மையமா?

மலை ஆய்வு என்றதும் இரண்டு அமைப்புகள் முன்னால் வரும். ஒன்று, 1980இல் அமெரிக்காவின் போல்டரில் தொடங்கிய பன்னாட்டு மலைச் சங்கம். மற்றொன்று, 1983இல் காட்மாண்டுவில் அமைந்த இசிமோட் (ICIMOD), அதாவது ஒருங்கிணைந்த மலை வளர்ச்சிக்கான பன்னாட்டு மையம்.

சங்கம் அறிவியலாளர்களுடையது. ஆண்டீஸ், ஆல்ப்ஸ், இமயம் என எந்த மலையும் அதற்கு ஒன்றுதான். 1981 முதல் வரும் அதன் ‘மவுண்டன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட்’ ஆய்விதழை இப்போது இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். சொல்லப்போனால், அந்த இதழ்தான் சங்கத்தின் உயிர்.

இசிமோட் 8 நாட்டு அரசுகள் சேர்ந்து நடத்துவது. இந்து குஷ் இமயமலைப் பகுதிதான் அதன் எல்லை. ஆனால் அந்த எல்லைக்குள் வேலை ஆழமானது: பனியாறுகளை அளக்கிறது, உடையும் அபாயமுள்ள பனி ஏரிகளைப் பட்டியலிடுகிறது. புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினாலும் இங்குள்ள பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டு முடிவதற்குள் போய்விடும் என்று 2019இல் எச்சரித்தது அதன் மதிப்பீட்டு அறிக்கைதான். இந்தியா, சீனா, பாகிஸ்தான் மூன்றும் ஒரே அமைப்பில் இருப்பதே பெரிய விஷயம். அதனாலேயே அரசியல் இழுபறிக்கும் அங்கே இடமுண்டு. சங்கத்துக்கு அந்தத் தலைவலி குறைவு.

பல கண்டங்களின் மலைகளை ஒப்பிட்டு எழுதுபவருக்குச் சங்கத்தின் இதழ் போதும். இமயமலைத் தரவு வேண்டுமா? யோசிக்கவே வேண்டாம், இசிமோட்தான்.