கீஸ்டோனா, லென்ஸ் ஷிஃப்டா? கோணல் நிமிர்ந்தால் மட்டும் போதுமா?

தாழ்வான மேசையில் புரொஜெக்டரை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, கோணலைக் கீஸ்டோனில் (கோணலான படத்தை மென்பொருளால் நேராக்கும் வசதி) சரிசெய்துதான் ஓராண்டு படம் பார்த்தேன். ஓரங்கள் நேராகத்தான் இருந்தன. ஆனால் மேல்பாதி எப்போதும் மங்கல். விளக்கு தேய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். லென்ஸ் ஷிஃப்ட் (லென்ஸை மட்டும் நகர்த்திப் படத்தின் இடத்தை மாற்றும் வசதி) உள்ள கருவிக்கு மாறிய பிறகுதான் காரணம் புரிந்தது.

கீஸ்டோனின் வசதி எல்லோருக்கும் தெரியும்: எங்கே வைத்தாலும் நொடியில் நேராகிவிடும். எழுத்துகள் சற்றுக் குழையும் என்பதும் தெரிந்ததுதான். பலர் கவனிக்காதது வெளிச்சம்.

கருவியைச் சாய்த்தால் திரையின் மேல்பகுதி லென்ஸிலிருந்து தள்ளிப்போகிறது. அங்கே படம் அகலத்தில் 20% விரிகிறது என்று வையுங்கள். உயரத்திலும் அதே அளவு விரிந்தால்கூட அதே ஒளி 1.44 மடங்கு பரப்பில் பரவ வேண்டும். வெளிச்சம் 70 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். உண்மையில் உயரம் இன்னும் அதிகமாகவே இழுபடும். கீஸ்டோன் செய்வதெல்லாம், 1920 பிக்சல் அகலப் பேனலின் (கருவிக்குள் படத்தை உருவாக்கும் சில்லு) மேல்வரியை 1600 பிக்சலுக்குச் சுருக்குவது. வடிவம் திருந்தும், அந்த இடத்தில் விழும் ஒளி அதிகரிக்காது. ஃபோகஸும் அப்படியே: மேலே கூர்மையாக்கினால் கீழே கூர்மை குறையும். அணைத்துவிட்ட பிக்சல்களிலிருந்தும் கொஞ்சம் ஒளி கசிவதால், இருட்டு அறையில் படத்தைச் சுற்றிச் சாம்பல் நிற விளிம்பு வேறு.

லென்ஸ் ஷிஃப்டில் கருவி திரைக்கு நேராகவே நிற்கும். லென்ஸ் மட்டும் நகரும். பேனலின் எல்லாப் பிக்சலும் பயன்படும், விரிவும் எங்கும் ஒன்றே. கடைசி எல்லை வரை நகர்த்தினால் மூலைகள் சற்று மென்மையாகின்றன. நான் பார்த்தது ஒரே கருவியில்தான். எல்லாவற்றிலும் அப்படி என்று சொல்லமாட்டேன்.

சில கருவிகளின் மெனுவில் வெளிச்சத்தைச் சமன்செய்யும் வசதி உண்டு. அது பளிச்சென்ற பகுதியைக் குறைத்துத்தான் சமன்செய்யும், இருண்ட பகுதியைக் கூட்டாது. அதனால் அதைக் கடைசியாகவே தொடுவேன்.

படத்தில் இருண்ட கறை தெரிந்தால், எதையும் மாற்றுமுன் முழு வெள்ளைப் படத்தைப் போட்டு, கருவியை ஓரடி பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். கறை படத்தோடு சேர்ந்து நகர்ந்தால் கோளாறு கருவிக்குள், பெரும்பாலும் தூசு அல்லது பேனல். சுவரிலேயே நின்றால் திரையைத் துடைத்துப் பாருங்கள்.

அடிக்கடி இடம் மாற்றும் சிறு கருவிக்குக் கீஸ்டோன் போதும். ஒரே இடத்தில் நிலையாக மாட்டுவதென்றால் நான் லென்ஸ் ஷிஃப்ட் பக்கம்தான். அது இல்லாத கருவியா? மேசையின் உயரத்தை மாற்றி, கீஸ்டோனைச் சுழியத்தில் விடுங்கள்.