நிணநீர்க் கசிவுக்காக வாங்கிய எம்.சி.டி. எண்ணெய்: ஒரு மதிப்புரை

பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் தந்தைக்கு வயிற்றுக்குள் நிணநீர்க் கசிவு (தனி நாளங்களில் ஓடி, குடலிலிருந்து கொழுப்பையும் சுமந்து செல்லும் உடல்நீர் கசிவது) ஏற்பட்டபோது, உணவியல் நிபுணரின் அறிவுரைப்படி வாங்கிய எம்.சி.டி. எண்ணெயை, அதாவது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பால் ஆன எண்ணெயைப் பற்றியது இந்த மதிப்புரை. கீட்டோ உணவுக்காகவும் எடை குறைப்புக்காகவும் இதை வாங்கியவர்கள் எழுதிய மதிப்புரைகள் ஏராளமாக உள்ளன. மருத்துவத் தேவைக்காக வாங்குவோருக்கு அவற்றால் பெரிய பயனில்லை.

இந்த அறுவை சிகிச்சையில் குடலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களை ஒட்டிய நிணநீர்க் கணுக்களை அகற்றும்போது, அவற்றுடன் இணைந்த நுண்ணிய நிணநீர் நாளங்களும் அறுபடுகின்றன. பெரும்பாலும் அவை தாமாகவே மூடிக்கொள்ளும். அரிதாகச் சிலருக்கு மூடாமல் கசிந்துகொண்டே இருக்கும். நோயாளி எதுவும் உண்ணாதவரை கசியும் நீர் தெளிவாக இருப்பதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. உணவு தொடங்கிய பிறகுதான் வடிகுழாய்ப் பையில் சேரும் நீர் பால்போல் வெளுக்கிறது. நாங்கள் அதைச் சீழ் என்றே எண்ணி அஞ்சினோம். ஆனால் காய்ச்சலும் இல்லை, நாற்றமும் இல்லை. அந்த நீரைப் பரிசோதித்து, டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஒரு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிணநீர்க் கசிவு என்று கொள்வது மருத்துவர்களிடையே உள்ள வழக்கம்.

நாம் அன்றாடம் உண்ணும் எண்ணெய், நெய் போன்றவற்றிலுள்ள நீண்ட சங்கிலிக் கொழுப்பு, குடலிலிருந்து நிணநீர் வழியாக மேலேறி, இடப்பக்கக் கழுத்தின் அடியில் இரத்தத்தில் கலக்கிறது. எனவே அதை உண்ண உண்ணக் கசிவும் கூடும், நாளத்தின் வாய் ஆறுவதும் தள்ளிப்போகும். எம்.சி.டி. எண்ணெயிலுள்ள நடுத்தரச் சங்கிலிக் கொழுப்போ பெரும்பாலும் நிணநீரைத் தொடாமல் நேரே கல்லீரலுக்குச் சென்றுவிடுகிறது. கசியும் நீரோடு புரதமும் வெளியேறி நோயாளி மெலிந்துகொண்டிருக்கும் வேளையில், ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ 115 கலோரி கிடைப்பது சிறிய உதவியன்று.

வாங்கும்போது லேபிளில் சி8, சி10 (எண் கார்பன் சங்கிலியின் நீளத்தைக் குறிக்கும்) ஆகிய இரண்டு கொழுப்பு அமிலங்கள் மட்டுமே குறிப்பிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். சில புட்டிகளில் சி12 எனப்படும் லாரிக் அமிலமும் கலந்திருக்கிறது. அதில் பெரும்பங்கு நிணநீர் வழியே செல்வதால் இந்தத் தேவைக்கு அது ஏற்றதன்று. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலமே என்பதால், “அதுவும் இதுவும் ஒன்றுதானே” என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டு மாற்றிவிட வேண்டாம்.

எண்ணெய்க்கு நிறமும் மணமும் இல்லை, சுவையும் ஏறத்தாழ இல்லை. ஆனால் பழச்சாற்றில் விட்டால் மேலே வட்டம் வட்டமாக மிதந்து, குடிப்பவரின் உதட்டில் ஒட்டிக்கொள்கிறது; கொழுப்பு நீக்கிய பாலில் விட்டு நன்றாக அடித்துக் கொடுத்தபோதுதான் அப்பா முகம் சுளிக்காமல் குடித்தார். எங்கள் புட்டியின் லேபிள் முதல் வேளையிலேயே ஒரு மேசைக்கரண்டி எடுக்கச் சொல்கிறது. குடல் அறுவை செய்துகொண்டவருக்கு அது மிக அதிகம். வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வரும். உணவியல் நிபுணர் ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, உணவோடு பல வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார், அது ஒத்துக்கொண்டது. 5 நட்சத்திரங்களில் நான் ஒன்றைக் குறைப்பது அந்த லேபிளுக்காகத்தான். அதிகச் சூட்டைத் தாங்காது என்பதால் பொரிப்பதற்கு இது உதவாது. சிலவகை பிளாஸ்டிக்கை இது இளக்கிவிடும் என்பதால் கண்ணாடிக் குவளையே நல்லது.

பையில் சேரும் நீர் படிப்படியாகக் குறைந்து தெளிந்தது உண்மை. ஆயினும் அந்தப் பெருமையை எண்ணெய்க்கு மட்டும் கொடுக்க மாட்டேன். மற்றக் கொழுப்புகளைக் கண்டிப்பாக விலக்கியதற்கும் அதில் பங்குண்டு. வழக்கமான எண்ணெயில் சமைத்துவிட்டு இதையும் ஒரு கரண்டி ஊற்றுவதில் பொருளில்லை. உணவுமுறையால் கசிவு அடங்காதவர்களுக்கு கசிவைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசி, இரத்தநாளம் வழியே ஊட்டச்சத்து என்று மருத்துவர்கள் அடுத்த படிக்குச் செல்வார்கள். உடலுக்கு இன்றியமையாத லினோலெயிக் அமிலம் இந்த எண்ணெயில் இல்லாததால், வாரக்கணக்கில் இதையே நம்பியிருப்பவர்கள் அந்தக் குறையையும் ஏ, டி, இ, கே வைட்டமின்களையும் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்; கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்கள் புட்டியைத் திறப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.